டால்ஃபின் கிக்: பலகையா, மல்லாந்தா?

இரண்டு காலையும் சேர்த்து, உடலை அலைபோல அசைத்து உதைப்பதுதான் டால்ஃபின் கிக்; பட்டர்ஃபிளை நீச்சலின் உதை. பிள்ளைகளுக்கு அதை எங்கிருந்து தொடங்குவது என்பதில் பயிற்சியாளர்கள் இரண்டு கட்சி. கிக்போர்டை (மிதக்கும் பலகை) கையில் கொடுத்துக் குப்புற உதைக்கச் சொல்வது ஒரு கட்சி. கையில் எதுவும் இல்லாமல் மல்லாக்கப் படுத்து உதைக்கச் சொல்வது இன்னொன்று. நீரில் செங்குத்தாக நின்று உதைப்பதும் ஃபின்ஸும் (காலில் மாட்டும் துடுப்பு) நடுவில் வந்து போகும். என் ஓட்டு மல்லாந்த முறைக்கு. 8 முதல் 12 வயதுக்குள் இருக்கும், ஃப்ரீஸ்டைல் உதையும் மல்லாந்து மிதப்பதும் கைவந்த பிள்ளைகளை வைத்தே இதைச் சொல்கிறேன்.

பலகைக்கு உள்ள நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. மூச்சுக்குத் திண்டாட்டம் இல்லை. கோச் பேசுவது காதில் விழும். பயந்த பிள்ளைக்குப் பிடிமானம். ஒரே லேனில் பத்துப் பேரை வரிசையாக விடலாம். ஆனால் தலை மேலே, கை பலகை மேல் என்றானதும் இடுப்பு தாழ்ந்து, கீழ்முதுகு வளைந்துவிடுகிறது. மார்பைத் தண்ணீருக்குள் அழுத்தித் தொடங்கவேண்டிய அலை பலகையிலேயே தடைப்பட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் ஏதோ நடக்கிறது.

இருந்தும் எனக்கு இதை முடிவு செய்வது முழங்கால்தான். டால்ஃபின் கிக்கில் உதை இரண்டு பக்கமும் உண்டு. தொடையின் முன்தசையால் பாதத்தை முன்னோக்கி வீசுவது ஒன்று. புட்டத் தசையும் பின்தொடைத் தசையும் சேர்ந்து, முழங்கால் ஏறக்குறைய நேராக இருக்க, காலைப் பின்னோக்கி அழுத்துவது மற்றொன்று. முதலாவது எந்தப் பிள்ளைக்கும் தானாக வரும். இரண்டாவது சொல்லிக் கொடுக்காமல் வராது. அது வராதவரை, காலைப் பின்னால் கொண்டுபோகப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே வழி முழங்காலை மடக்குவது. முழங்காலோடு இடுப்பும் மடங்க, தொடை தண்ணீருக்குக் குறுக்கே நின்று, உதையில் கிடைத்த வேகத்தைத் தின்றுவிடும்.

குப்புறப் படுத்திருக்கும் பிள்ளைக்கு இந்தத் தப்பு தெரியவே தெரியாது. மடக்கிய கால் குதிகாலோடு நீருக்கு வெளியே வந்து 'படார்' என்று விழுகிறது. சத்தமும் நுரையும் கிளம்புகின்றன. பலமாக உதைக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறது. கரையிலிருந்து "முட்டியை மடக்காதே" என்று கத்தினால் காலை விறைத்துக்கொள்ளும். அதுவும் தப்பு. பாதத்தை வீசுவதற்கு முன் முழங்கால் கொஞ்சம் தளர்ந்து மடங்கத்தான் வேண்டும்.

மல்லாந்து படுத்தால் அதே தப்பு கண்ணெதிரே வந்து நிற்கிறது. முட்டி நீருக்கு மேலே எழும்பும், அதில் காற்றுப் படும். தலையைத் தூக்கிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. சொல்லவேண்டிய கட்டளையும் இரண்டே வரி: முட்டி வெளியே வரக்கூடாது, கால்விரல் மேல்நீரைக் கொப்பளிக்கவைக்க வேண்டும். முட்டியை நீருக்குள் வைத்துக்கொண்டே விரலை மேலே கொண்டுவர வேண்டுமென்றால், அதற்கு முன் காலை நேராகக் கீழே அழுத்தியாக வேண்டும். தானாக வராத அந்த இரண்டாவது பாதி இப்படி வழிக்கு வருகிறது. பலகையில் பழகிய மடக்கலைப் பின்னால் திருத்துவது புதிதாகக் கற்பிப்பதைவிட நாள் பிடிக்கும் வேலை. எந்த முறையில் தொடங்குவது என்பதை நான் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன்.

கற்பிக்கும் வரிசை இது. முதலில் கை இரண்டும் தொடையோரம், காது நீருக்குள், பார்வை மேலே. 25 மீட்டர் குளத்தில் பாதி தூரம் மட்டும், நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே மூச்சு முழுதாகத் தணியும்வரை ஓய்வு. முட்டி அடங்காத பிள்ளைக்குக் கிக்போர்டைக் கொடுத்து, கையை நீட்டி அதைத் தொடை, முட்டி மேல் நெடுக்காகப் பிடிக்கச் சொல்லலாம். பலகை லேசாக ஆடினால் பரவாயில்லை. முட்டி அதை இடித்துத் தூக்கினால் மடக்கல் அதிகம். (பலகைக்கு இதைவிட நல்ல வேலை இல்லை என்பேன்.) அது சரியானதும் கையைத் தலைக்கு மேல் ஸ்ட்ரீம்லைனுக்குக் கொண்டுபோக வேண்டும்: ஒரு கை மேல் மறு கை, புஜம் காதை ஒட்டி. கைநுனி அசையாமல் இருக்க, அலை மார்பில் தொடங்கிப் பாதத்தை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே போக வேண்டும். பிறகு சுவரைத் தள்ளி, நீருக்கடியில் மல்லாந்தபடியே ஆறு உதை. கடைசியாக மல்லாந்து நான்கு, பக்கவாட்டில் நான்கு, குப்புற நான்கு.

இந்த முறைக்கும் தொல்லைகள் உண்டு. மூக்கில் தண்ணீர் ஏறும். நீருக்கடியில் இருக்கும் வரை மூக்கு வழியாக மெல்ல ஊதிக்கொண்டே இருக்கப் பழக்கவேண்டும், 'ம்ம்ம்' என்று முனகச் சொன்னால் சின்னப் பிள்ளைகளுக்கும் பிடிபடும். சிலர் காலைப் பார்க்கத் தலையைத் தூக்குவார்கள், உடனே இடுப்பு உட்கார்ந்துவிடும். சுவரில் தலை இடிக்கும் ஆபத்தும் இருக்கிறது. சுவருக்கு 5 மீட்டர் முன்னால் கட்டியிருக்கும் கொடியைப் பார்த்ததிலிருந்து எத்தனை உதையில் சுவர் வருகிறது என்று முதலிலேயே எண்ணவைத்துவிடுங்கள். கொடி இல்லாத குளத்தில் சுவரோரம் ஒருவர் நிற்கத்தான் வேண்டும்.

மல்லாந்து உதைப்பது பேக்ஸ்ட்ரோக்காரர்களுக்கு (மல்லாந்து நீந்துபவர்களுக்கு) மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் நீருக்கடி டால்ஃபின் கிக்கின் வேகத்தை உலகம் கவனித்ததே 1988 சியோல் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில், அமெரிக்க வீரர் டேவிட் பெர்காஃபும் தங்கம் வென்ற ஜப்பான் வீரர் டாய்ச்சி சுசூகியும் மல்லாந்தபடி நீருக்கடியில் நெடுந்தூரம் போனபோதுதான். அதையடுத்துத்தான் நீருக்கடி தூரத்துக்கு வரம்பு வந்தது. இன்று ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை மூன்றிலும் அது 15 மீட்டர்.

செங்குத்து உதை கற்பிப்பதைவிடச் சோதிப்பதற்கு நல்லது. கால் எட்டாத ஆழத்தில், கையை மார்பில் கட்டி 10 முதல் 15 விநாடி. பிள்ளை மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டே போனால் முன்னுதை மட்டும்தான் வேலை செய்கிறது. ஆழம் இல்லாத குளத்தில் இதற்கு வழியில்லை.

ஃபின்ஸ் குட்டையாக, மென்மையான ரப்பரோ சிலிக்கானோ ஆக இருக்கட்டும். நீளமானது உதையின் வேகத்தைக் குறைத்துவிடும். இரண்டு பக்க அழுத்தத்தையும் உணர்த்துவதில் ஃபின்ஸ் கைதேர்ந்தது. விறைத்த கணுக்காலை மறைப்பதிலும் அப்படியே. அதனால் ஒரு சுற்று போட்டதும் கழற்றி, அதே தூரத்தை வெறுங்காலில் உடனே செய்யவைக்க வேண்டும். இரு காலுக்கும் சேர்த்து ஒரே துடுப்பான மோனோஃபினைச் சிறு பிள்ளைகளிடம் நான் அதிகம் பயன்படுத்தியதில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்பு சொல்லமாட்டேன்.

எந்த முறையானாலும் நீருக்கடியில் யார் அதிக தூரம் போவது என்ற போட்டி கூடவே கூடாது. வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு மூழ்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூச்சு வேண்டும் என்ற உந்துதல் தாமதமாகும். எச்சரிக்கையே இல்லாமல் நினைவு தப்பலாம். ஆறு முதல் எட்டு உதை, மேலே வந்து முழு ஓய்வு, கரையில் கண்காணிக்கும் ஆள்: இதற்கு மேல் இந்த வயதுக்குத் தேவையில்லை.

மல்லாந்து கற்றது பட்டர்ஃபிளையின் தாளத்தைத் தராது. கை நீரில் நுழையும்போது ஓர் உதை, தள்ளி முடிக்கும்போது ஓர் உதை என்ற பொருத்தத்தைக் குப்புறத்தான் பழகவேண்டும். அதற்கும் பலகை வேண்டாம். கை உடலோரம், முகம் நீருக்குள், நான்கு உதைக்கு ஒரு மூச்சு என்று ஆரம்பிக்கலாம். முட்டி வெளியே வராமல் மல்லாந்து 25 மீட்டர் போகத் தெரிந்த பிள்ளையைத்தான் நான் குப்புறத் திருப்புவேன்.