ரேடியோஹெட்: 'ஓகே கம்ப்யூட்டர்' முதலிலா, 'கிட் ஏ' முதலிலா?

ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவைப் புதிதாகக் கேட்க வருபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு ஆல்பங்களுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில், ஆபிங்டன் பள்ளியில் 1985இல் ஒன்று சேர்ந்த அதே ஐவர்தான் இரண்டிலும். ஆனால் மூன்றே வருடத்தில் ஆளே மாறிவிட்டார்கள்.

ஒலி
ஓகே கம்ப்யூட்டர் (1997): கிதார்தான் அஸ்திவாரம். பெரும்பகுதி பாத் நகரருகே ஒரு பழைய மாளிகையில் பதிவானது. 'எக்சிட் மியூசிக்' பாட்டைக் குழுவின் பாடகர் தாம் யார்க் அங்கிருந்த கல் படிக்கட்டில் பாடினார்; அந்த எதிரொலி மெஷின் வேலை இல்லை, கல்லின் வேலை. ஹெட்போனில் கேளுங்கள், தெரியும்.
கிட் ஏ (2000): கிதார் ஓரங்கட்டப்பட்டு, சிந்தசைசரும் டிரம் மெஷினும் முன்னால் வந்தன. குழுவின் கிதார் கலைஞர் ஜானி கிரீன்வுட் வாசிக்கும் ஓந்த் மார்த்தனோ 1928இல் அறிமுகமான பிரெஞ்சு மின்கருவி.

முதல் கேட்பில்
ஓகே கம்ப்யூட்டர்: 'நோ சர்ப்ரைசஸ்' உடனே ஒட்டிக்கொள்ளும்.
கிட் ஏ: 'இதெல்லாம் பாட்டா?' என்று தோன்றலாம். சிங்கிள், அதாவது தனிப்பாட்டாக, ஒன்றுகூட விடவில்லை. அப்படியும் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

பாடல் வரிகள்
முன்னதில் கதை உண்டு. பின்னதில் துண்டு துண்டான வாக்கியங்கள்தான்.

சரி, எது யாருக்கு? ராக் கேட்டு வளர்ந்தவர் ஓகே கம்ப்யூட்டரில் தொடங்கலாம். எலக்ட்ரானிக் இசைப் பழக்கமோ, இளையராஜாவின் பின்னணி இசையை மட்டும் தனியாகக் கேட்கும் பழக்கமோ இருந்தால் நேராகக் கிட் ஏ. என் ஓட்டு கிட் ஏவுக்கே, ஆனால் ராத்திரியில் மட்டும்.