அஞ்சு ரோடு பிரவுசிங் சென்டர்: ஒரு நல்ல வார்த்தை

சேலம் அஞ்சு ரோடு பக்கம், மாடியில் இருக்கும் சின்ன பிரவுசிங் சென்டர் இது. மகள் இங்கிலாந்தில் மிட் சஃபோக் மாவட்டத்தில் இருக்கிறாள். இந்தியர்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால் அங்கே வசித்தால் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம். 2023 மே 4-ல் அவளும் போட்டாள். அடையாள அட்டை கட்டாயமானது அந்த முறைதான்.

சனிக்கிழமை காலை முடிவுகளை அச்செடுக்கப் போனேன். கவுன்சில் ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தாள் போடுகிறது: வேட்பாளர், கட்சி, வாக்கு, அப்புறம் செல்லாத ஓட்டு ஏன் செல்லவில்லை என்பது வரை. வாக்கு எண்ணும் பணிக்குப் பலமுறை போன ஆசிரியை நான். அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் முதலில் படித்தேன். சில வார்டுகளில் இரண்டு உறுப்பினர்கள், அதனால் ஒருவருக்கு இரண்டு ஓட்டு. மொத்தம் 34 இடங்களில் பசுமைக் கட்சிக்கு 24. இங்கிலாந்தில் அந்தக் கட்சி தனிப் பெரும்பான்மை பெற்ற முதல் கவுன்சில் இதுவே!

கடைத் தம்பி அவசரப்படுத்தவே இல்லை. எழுத்து சின்னதாக இருக்கிறது என்றதும், "இருங்கம்மா" என்று பெரிதாக்கி மறுபடி எடுத்துத் தந்தார். வீணான தாள்களுக்குக் காசு வாங்கவில்லை. படி மட்டும் செங்குத்து, கைப்பிடி கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழிருந்தே குரல் கொடுங்கள், இறங்கி வருவார்.