கொலோசஸ் ஓடும் அறை: டோனி சேல் என்ற பொறியாளரை நினைக்க ஏற்ற இடம்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் எதிரிகளின் சங்கேதங்களை உடைத்த பிளெட்ச்லி பார்க் வளாகத்தில் இரண்டு அருங்காட்சியகங்கள், இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட். மாளிகையையும் குடில்களையும் பார்த்ததோடு ரயிலேறிவிடுகிறவர்கள் எச் பிளாக்கில் உள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்தைக் கோட்டை விடுகிறார்கள். சங்கேதம் உடைக்க உதவிய கொலோசஸ் எந்திரம், டோனி சேல் மறுபடி கட்டிய வடிவில், இருப்பது அங்கேதான். போர்க்காலத்தில் ஒன்பதாவது கொலோசஸ் நின்ற அதே இடம். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் யோசிக்காமல் இங்கே போங்கள். திறந்திருக்கும் நாட்களை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மானியரின் பிரபல சங்கேத எந்திரமான எனிக்மாவை உடைத்த எந்திரம் இது என்று நினைத்து வருகிறவர்கள் நிறைய. அது வேறு. ஜெர்மன் ராணுவத் தலைமை செய்திகளைச் சங்கேதமாக்கப் பயன்படுத்திய லோரன்ஸ் எந்திரத்தில் 12 சக்கரங்கள். ஒரு செய்திக்கு அவை எந்த நிலையில் தொடங்கின என்று எண்ணிக் கண்டுபிடிக்கத்தான் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் கொலோசஸை உருவாக்கினார்.

முதலில் நாடா ஓடும் கப்பிகள் அருகே நில்லுங்கள். இரு முனையையும் ஒட்டி வளையமாக்கிய காகித நாடா, நொடிக்கு 5,000 எழுத்து வேகத்தில் பறக்கும். இதற்கு முந்தைய ஹீத் ராபின்சன் எந்திரத்தில் இரண்டு நாடாக்கள் சேர்ந்தே ஓட வேண்டும்: ஒன்றில் செய்தி, மற்றொன்றில் சக்கரங்களின் வரிசை. பல்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும். நாடா நீண்டுபோனால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போய்விடும். ஃபிளவர்ஸ் ஒரு நாடாவை எடுத்துவிட்டு, சக்கரங்களின் வேலையை மின்சுற்றுகளிடமே கொடுத்தார். மிச்சமுள்ள நாடாவின் சிறு துளைகளை ஒளி படிக்கும். அந்தத் துடிப்பே எந்திரத்துக்குத் தாளம். நாடா சற்று நீண்டாலும் கணக்குத் தப்பாது. அருமையான யோசனை!

போர் முடிந்ததும் பத்தில் எட்டைப் பிரித்துப்போட்டார்கள். பிறகு வரைபடங்களும் நெருப்புக்குப் போயின. 1993-ல் டோனி சேல் இதை மறுபடி கட்டக் கிளம்பியபோது கையில் இருந்தவை 1945-ல் எடுத்த எட்டுப் புகைப்படங்களும், பழைய பொறியாளர்கள் ரகசியமாக வைத்திருந்த சுற்றுப்படத் துண்டுகளும்தான். படங்களைப் பார்த்துக் கணினியில் அளவுகளை வரைந்தார். ஒளிப் படிப்பானுக்கு, அதை முதலில் வடிவமைத்த ஆர்னல்ட் லிஞ்சே உதவினார். பாகங்களில் பல, பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் கழித்துக்கட்டியவை. தொடக்கச் செலவுக்குச் சேலும் அவர் மனைவியும் சொந்தப் பணத்தைப் போட்டார்கள். பிளெட்ச்லி பார்க் இடிபடாமல் காக்க முன்நின்றவரும் அவர்தான். அதன் அருங்காட்சியக இயக்குநராகச் சம்பளமில்லாமல் உழைத்தார்.

1996-ல் ஃபிளவர்ஸ் முன்னிலையில் எந்திரம் ஓடியது. முழுமையடைய 2007 ஆனது. அந்த நவம்பரில் நடந்த சங்கேதம் உடைக்கும் போட்டியில் ஜெர்மானியர் ஒருவர் தன் கணினியில் முந்திக்கொண்டார். கொலோசஸுக்கு மூன்றரை மணி நேரம் பிடித்தது. 2011 ஆகஸ்டில் சேல் மறைந்தார்.

அறை வெக்கையாக இருக்கும். சுமார் 2,400 வால்வுகளின் (பழைய மின்னணுக் கண்ணாடிக் குழாய்கள்) சூடு அது. வால்வு பழுதாவது பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதுதான் என்பதால், போர்க்காலத்தில் இதை அணைக்காமலே வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட விவரங்களைப் பலகையில் தேடாமல் அங்குள்ள தன்னார்வலர்களிடம் கேளுங்கள். கொலோசஸ் செய்தியைத் தராது, சக்கர நிலைகளைத்தான் தரும். அவற்றை வைத்து ஜெர்மன் வாக்கியத்தை வெளியே எடுக்கும் டன்னி எந்திரத்தையும் அங்கே தன்னார்வலர்கள் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அதையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.