‘டக்’ என்று விழிக்கும் சப்வூஃபரும் பேய்ப் படங்களும்: ஆறாண்டு அனுபவம்

பேய்ப் படம் பார்ப்பதற்கென்றே ஹோம் தியேட்டர் வாங்கப்போவதாகவும், என் வீட்டிலிருக்கும் 5.1 செட்டின் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) விலை இப்போது நன்றாக இறங்கியிருப்பதால் அதையே வாங்கலாமா என்றும் நண்பர் ஒருவர் கேட்டார். வாட்ஸ் கணக்கெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. ஆறு ஆண்டுகளாக என்னை எரிச்சலூட்டிவரும் ஒரே ஒரு சங்கதியைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கீழ்த் தொனி ஒலிகளுக்கென்றே இருக்கும் பெட்டியான சப்வூஃபரின் பின்புறம் ‘ஆன்’, ‘ஆட்டோ’ என்று ஒரு சிறு சுவிட்ச் உண்டு. ஆட்டோவில் வைத்தால், கால் மணி நேரம் போல பேஸ் எனப்படும் அந்தக் கீழ்த் தொனி ஒலி ஏதும் வராதபோது பெட்டி தானாகவே உறங்கிவிடும். பச்சை விளக்கு சிவப்பாகும். மறுபடி சிக்னல் வந்ததும் உள்ளிருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் ‘டக்’ என்ற ஓசையுடன் அதை எழுப்பும். பாட்டுக் கேட்கும்போது இது ஒரு பொருட்டே அல்ல. பேய்ப் படத்தில்தான் வினை. இப்போதைய படங்களில் பல, பேயின் முகத்தைக் காட்டுவதற்குச் சில நொடிகள் முன்பாகவே கீழ்த் தொனியில் ஓர் உறுமலை மெல்லக் கிளப்பிவிடுகின்றன. அந்த உறுமல் நம் காதுக்கு உறைப்பதற்குள் பெட்டி ‘டக்’ என்றுவிடும். உடனே என் மகள் தலையணையை எடுத்து முகத்தில் பொத்திக்கொள்வாள். “வருதுங்க, பாருங்க” என்பார் மனைவி. சொன்னபடியே வரும். இயக்குநர் மாதக்கணக்கில் பொத்திவைத்த குட்டை, தீப்பெட்டியளவுகூட இல்லாத ஒரு ரிலே உடைத்துவிடும்.

ஆனால் கோபம் ஆறிய வேளைகளில், இந்தப் பெட்டியால் காட்டிக்கொடுக்க முடியாத படங்களும் இருக்கின்றன என்பதைக் கவனித்தேன். 1942இல் வெளிவந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் இரவு நேரத்தில் பூங்கா மதிலோரமாக ஒரு பெண் நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தியின் குதிகால் செருப்பு ஒலிக்கிறது. இசை கிடையாது. இரண்டு காலடிகளில் பின்னால் வந்தது நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். அந்த நிசப்தத்தில் அவள் ஓடத் தொடங்க, நாம் ஏதோ பாயப்போகிறது என்று உடலை இறுக்கிக்கொள்ள, ஒரு பேருந்து சீறிக்கொண்டு வந்து நிற்கிறது. திடீர் அதிர்ச்சிக் காட்சிக்குப் பிற்காலத்தில் ‘பஸ்’ என்றே பெயர் வருமளவுக்குப் புகழ்பெற்ற காட்சி இது. பேருந்து நம்மைத் தூக்கிவாரிப் போடுவது உண்மைதான். ஆனால் பயம் அதற்கு முன்பே, காலடி நின்ற கணத்திலேயே வந்துவிட்டது. ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ (1963) படத்தில் வழக்கமான பின்னணி இசையே இல்லை. பள்ளிக்கு வெளியே கதாநாயகி புகைபிடித்தபடி அமர்ந்திருக்க, உள்ளே பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்க, அவள் முதுகுக்குப் பின்னால் காகங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. பெட்டியின் விளக்கு சிவப்பாகவே இருந்தது.

பழைய படங்கள், ஒற்றைத் தட ஒலி, சப்வூஃபருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். அப்படியானால் 2009இல் வந்த ‘யாவரும் நலம்’ படத்தை எடுத்துக்கொள்வோம். அதில் எங்கள் பெட்டி பல முறை விழித்துக்கொண்டது. ஆனாலும் மாதவன் தனியாக ஏறினால் மட்டும் நகர மறுக்கும் லிஃப்டும், அந்த வீட்டு வாசலைத் தாண்ட மறுக்கும் நாயும்தான் இன்றுவரை எனக்கு நினைவிலிருக்கின்றன. இவற்றுக்கு உறுமல் தேவைப்படவில்லை. அன்றாடம் புழங்கும் ஒன்று, காரணம் சொல்லாமல் தன் வேலையை நிறுத்திக்கொண்டால் போதும்.

போன மாதம் பெட்டி அடியோடு விழிக்க மறுத்தது. ரிச்சி தெருவில் ஒரு மெக்கானிக் ரிலேயையும் ஒரு கெப்பாசிட்டரையும் மாற்றி 800 ரூபாய் வாங்கிக்கொண்டு, “சார், இனிமே ஆன்லயே விட்டுடுங்க, தொந்தரவே இருக்காது” என்றார். உண்மையிலேயே தொந்தரவு இல்லை. இப்போது எல்லாப் படங்களும் எங்களை அலற வைக்கின்றன. காகிதப் பையை ஊதிக் காதருகே உடைத்தாலும் அலறத்தான் செய்வோம். அந்த அலறல் காபி ஆறுவதற்குள் தீர்ந்துவிடுகிறது. அந்தக் குதிகால் ஓசை மட்டும், பல நாட்கள் கழித்தும், மாடிப்படியின் நடுவில் என்னை நிற்க வைத்து, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று கேட்க வைத்தது.

நண்பருக்கு என் பதில்: நல்ல செட், ஆறு ஆண்டுகளில் ஒரு முறைகூடக் கரகரத்ததில்லை, கொடுத்த காசுக்கு மேலேயே உழைத்திருக்கிறது, ஆனால் பேய்ப் படத்துக்காக என்றால் வாங்க வேண்டாம். என் பெட்டியின் சுவிட்சை நேற்று மறுபடியும் ஆட்டோவுக்கே மாற்றிவிட்டேன். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு, டிவி அணைந்து எல்லோரும் படுத்த பிறகு, கூடத்தில் ‘டக்’ என்றது. படுக்கையறைக் கதவின் இடுக்கு வழியே பச்சை விளக்கு தெரிந்தது. ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போது மின்கம்பியில் ஏற்படும் சலனம் அது என்பது எனக்குத் தெரியும். எழுந்துபோய் அணைக்கவில்லை.