ரிசீவர் பேட்டரி: 4.8 வோல்ட்டா, 6 வோல்ட்டா, அதற்கும் மேலா?

ரேடியோ கன்ட்ரோல் படகு ஓட்டுபவர்களிடம் படகுக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு எந்த பேட்டரி போடலாம் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு எண் சொல்வார்கள். 4.8 வோல்ட்டே தாராளம் என்பார் ஒருவர். 6க்குக் கீழே இறங்கவே கூடாது என்பார் இன்னொருவர். புதிதாக வந்தவர் 7.4 வோல்ட் லைப்போவை (லித்தியம் பாலிமர் பேட்டரி) நேராகச் செருகிவிட்டு "நல்லாத்தான் ஓடுது" என்பார். அவருடைய சர்வோ, அதாவது ரிசீவர் சொல்படி சுக்கானையோ பாயையோ அசைக்கும் சின்ன மோட்டார், எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு விஷயம்.

மூவரும் பேசுவது உறையில் அச்சிட்ட எண்ணைப் பற்றி. நான் பார்ப்பது வேறு இரண்டு எண்களை. சார்ஜரிலிருந்து கழற்றிய சூட்டோடு செருகும்போது சர்வோவுக்குப் போகும் வோல்ட் எவ்வளவு? காற்று ஓங்கி அடித்து, வின்ச் (பாய்க்கயிற்றைச் சுற்றி இழுக்கும் சர்வோ) முழு மூச்சாகப் பாயை இழுக்கும் நொடியில் ரிசீவரில் மிஞ்சும் வோல்ட் எவ்வளவு? முதல் எண் அதிகமானால் சர்வோ கருகும். இரண்டாவது குறைந்தால் படகு கை நழுவும்.

| பேட்டரி | உறையில் | முழு சார்ஜில் | இதற்குக் கீழே போகவே கூடாது |
|---|---|---|---|
| நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 4 செல் | 4.8 | 5.6 – 5.8 | 4.0 |
| நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 5 செல் | 6.0 | 7.0 – 7.2 | 5.0 |
| லித்தியம் இரும்பு பாஸ்பேட் (லைஃபே), 2 செல் | 6.6 | 7.2 | 5.0 |
| லித்தியம் பாலிமர் (லைப்போ), 2 செல் | 7.4 | 8.4 | 6.0 |

வோல்ட்டைக் கூட்டினால் சிக்னல் அதிக தூரம் எட்டும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. எட்டாது. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் உள்ளே வரும் மின்சாரத்தைத் தானே சுமார் 3.3 வோல்ட்டாகக் குறைத்துத்தான் பயன்படுத்துகிறது. 5 கொடுத்தாலும் 7 கொடுத்தாலும் அதற்கு ஒன்றுதான். பலன் சர்வோவுக்கு. எல்லோர் கையிலும் புழங்கிய ஃபுடாபா எஸ்3003 சர்வோவை எடுத்துக்கொள்ளுங்கள்: 4.8 வோல்ட்டில் 3.2 கிலோ-சென்டிமீட்டர் முறுக்குவிசை, 60 டிகிரி திரும்ப 0.23 நொடி. 6 வோல்ட்டில் 4.1 கிலோ-சென்டிமீட்டர், 0.19 நொடி. முறுக்குவிசையில் கால் பங்குக்கு மேல் கூடுகிறது. சுக்கானைத் திருப்ப மட்டும் என்றால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. பாயை இழுக்கும் வின்ச்சில் நன்றாகத் தெரியும்.

ஆகவே 4.8 வோல்ட்டைக் கேவலமாகப் பேச வேண்டாம். ஒரே ஒரு சுக்கான் சர்வோ, மெதுவாகப் போகும் இழுவைப் படகு மாதிரி என்றால் நான்கு செல் போதும். எனக்கு அதில் பிடிக்காதது ஒன்றுதான்: இடைவெளி குறைவு. ரிசீவர்கள் பொதுவாக 3.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் செயல் இழந்துவிடும். பாதி தீர்ந்த நான்கு செல் பேட்டரியிலிருந்து அந்தப் பள்ளம் அவ்வளவு தூரமில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது பட்டுத்தான். என் முதல் பாய்மரப் படகோடு நான்கு ஏஏ செல் போடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வந்தது. அது 1.5 வோல்ட் அல்கலைன் செல்லுக்கானது. நான்கு போட்டால் 6 வோல்ட். காசை மிச்சம் பிடிப்போம் என்று அதில் ரீசார்ஜ் செல்களைப் போட்டேன். அவை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், ஆக 4.8. சின்னக் காற்றில் எல்லாம் சரியாக இருந்தது. காற்று பலமாகும்போது மட்டும் படகு சில நொடி செத்துப்போகும், பிறகு தானாக உயிர் வரும். ரிசீவரைச் சந்தேகப்பட்டேன், ஆன்டெனாவை இடம் மாற்றினேன், கடைசியில் ட்ரான்ஸ்மிட்டரையும் சந்தேகப்பட்டேன். கரைக்கு வந்து மல்டிமீட்டர் வைத்தால் 5.1 வோல்ட் காட்டும்! ரிசீவரில் காலியாக இருந்த சேனலில் மீட்டரைச் செருகிவிட்டு, வின்ச் இழுக்கும்போது பாய்க்கயிற்றைக் கையால் பிடித்து நிறுத்திப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. முள் 4க்குக் கீழே சரிந்தது.

சரிவுக்குக் காரணம் செல் மட்டும் இல்லை. ஸ்பிரிங் வைத்த பெட்டியில் நான்கு செல்லுக்கு எட்டுத் தொடுமுனைகள். ஈரம் பட்டு ஒவ்வொன்றிலும் மெல்லிய துரு. அப்புறம் ஒயர். சர்வோக்களில் வரும் மெல்லிய 26 கேஜ் ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.13 ஓம் மின்தடை. போக வர மொத்தம் ஒரு மீட்டர் ஒயர், வின்ச் இழுப்பது 3 ஆம்பியர் என்றால் ஒயரிலேயே 0.4 வோல்ட் போய்விடும். தடித்த 22 கேஜ் ஒயர் போட்டால் அது 0.16 ஆகக் குறையும். சுவிட்சும் கனெக்டரும் தங்கள் பங்கைத் தனியே எடுத்துக்கொள்ளும். செல்லைக் கூட்டுவதற்கு முன்பு ஒயரை மாற்றுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

அல்கலைன் செல் போடலாமா? சின்னப் படகில் போடலாம். புதிதாக இருக்கும்போது 6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேயே காட்டும். ஆனால் அதன் உள்தடை அதிகம். தீரத் தீர, அதிக மின்சாரம் கேட்கும்போது வோல்ட் குழிந்துவிடும். வின்ச் உள்ள படகுக்கு நான் போடுவதில்லை.

ஐந்து செல் நிக்கல் பேட்டரிதான் பல வருடமாகப் பாய்மரப் படகுக்காரர்களின் வழக்கம். 6 வோல்ட் சர்வோ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் இந்த ஐந்து செல்லை மனதில் வைத்துத்தான். பொத்திப் பொத்தி வளர்க்க வேண்டாம், கொஞ்சம் அதிகமாகத் தீர்ந்தாலும் மன்னித்துவிடும். எடைதான் குறை: ஏஏ செல் ஒன்று ஏறக்குறைய 27 கிராம், ஐந்துக்கு 135 கிராம். சாதாரண வகை சும்மா இருந்தாலே வாரக்கணக்கில் சார்ஜ் இழக்கும். 2005இல் சான்யோவின் எனலூப் வந்த பிறகு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. அந்த மாதிரி செல்களையே வாங்குங்கள். கட்டாயம் செல்களை உலோகப் பட்டை வைத்து சால்டர் செய்த பேட்டரியாக இருக்கட்டும், ஸ்பிரிங் பெட்டி வேண்டாம். பெட்ரோல், நைட்ரோ எஞ்சின் படகின் அதிர்வில் ஸ்பிரிங் பெட்டி ஆபத்தே.

லைஃபேயைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள்: 6.6 வோல்ட், முழு சார்ஜில் 7.2, என் 6 வோல்ட் சர்வோ எரிந்துவிடாதா? அட்டவணையைத் திரும்பப் பாருங்கள். ஐந்து செல் நிக்கலும் சார்ஜரிலிருந்து எடுத்த உடனே அதே 7 சொச்சம்தான். இத்தனை காலமும் உங்கள் சர்வோ அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. லைஃபேயில் அந்த 7.2 கொஞ்ச நேரத்தில் 6.6, 6.7க்கு இறங்கி, பிறகு கிட்டத்தட்ட தீரும் வரை அங்கேயே நிற்கும். அந்த நிலைத்த தன்மைக்காகவே வின்ச் படகுக்கு என் ஓட்டு லைஃபேக்கு. ஆனாலும் உங்கள் சர்வோவும் ரிசீவரும் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று கையேட்டில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பழைய அனலாக் சர்வோ ஒன்று சும்மா நிற்கும்போதே முனகினாலோ சூடானாலோ அதற்கு இது ஒத்துவரவில்லை என்று பொருள்.

எடை மிச்சமாகும் என்று சொல்லி லைஃபேயை விற்பார்கள். எந்தப் படகு என்பதைப் பொறுத்தது. ஐஓஎம் (இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்) எனும் பந்தய வகுப்புப் பாய்மரப் படகின் குறைந்தபட்ச எடை 4,000 கிராம். உங்கள் படகு ஏற்கெனவே அந்த வரம்பில் இருந்தால் பேட்டரியில் மிச்சம் பிடித்த கிராமை ஈயமாகத் திரும்ப வைக்க வேண்டியதுதான். விருப்பப்பட்ட இடத்தில் வைக்கலாம் என்பது மட்டும் லாபம்.

லைப்போவை நேராகச் செருகும் கதைக்கு வருகிறேன். 8.4 வோல்ட் சாதாரண சர்வோவுக்கு அதிகம். ஹை வோல்டேஜ் சர்வோ, ஹை வோல்டேஜ் வின்ச், அந்த அளவு தாங்கும் ரிசீவர் என எல்லாம் ஒரே குடும்பமாக இருந்தால் தாராளமாகப் போடலாம். அதே வேலைக்குக் குறைந்த ஆம்பியர் போதும் என்பதால் ஒயரில் இழப்பும் குறையும். படகில் ஒரே ஒரு சர்வோ பழையதாக இருந்தாலும் வேண்டாம், அல்லது நடுவில் ரெகுலேட்டர் வைத்து 6க்கு இறக்குங்கள். அப்படி இறக்குவதென்றால் எதற்கு லைப்போ என்ற கேள்வியும் வரும். கையில் ஏற்கெனவே நாலைந்து கிடக்கிறது என்றால் அது நியாயமான பதில்.

மின் மோட்டார் படகுகளுக்கு இந்த விவாதமே பெரும்பாலும் தேவையில்லை. ஸ்பீடு கன்ட்ரோலரில் உள்ள பிஇசி (மோட்டார் பேட்டரியின் வோல்ட்டைக் குறைத்துத் தரும் சுற்று) 5 அல்லது 6 வோல்ட்டை ரிசீவருக்குத் தந்துவிடும். மோட்டார் பேட்டரி 12 வோல்ட்டாக இருந்தால் மட்டும் கவனம். பழைய லீனியர் வகை பிஇசி 12ஐ 5ஆகக் குறைக்கும்போது, 1 ஆம்பியருக்கு 7 வாட் வெறும் சூடாகப் போகிறது. மூடிய படகுக்குள் அது எங்கே போகும்? ஸ்விட்சிங் வகை வாங்குங்கள். தனி ரிசீவர் பேட்டரி வைத்தால் ஸ்பீடு கன்ட்ரோலரிலிருந்து ரிசீவருக்கு வரும் சிவப்பு ஒயரைக் கழற்றி டேப் சுற்றிவிடுங்கள். தனி பேட்டரி இல்லாமல் இரண்டு மோட்டார், இரண்டு கன்ட்ரோலர் என்றால் ஒன்றின் சிவப்பை மட்டும் விட்டுவைக்கலாம்.

லைஃபேக்கு மாறுபவர்கள் சார்ஜரில் லைஃபே என்ற தேர்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லைப்போ தேர்வில் போட்டால் செல்லுக்கு 3.6க்குப் பதில் 4.2 வோல்ட் ஏற்றிவிடும். இன்னொரு தலைவலி, வோல்ட்டைப் பார்த்து மீதி எவ்வளவு என்று சொல்ல முடியாது, 6.6 காட்டிக்கொண்டே இருந்து கடைசியில் மளமளவென்று விழும். அதனால் நான் திரும்ப ஏறும் அளவைக் குறித்துவைக்கிறேன். என் 1,400 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்று ரேஸ் ஓட்டிய பிறகு சார்ஜர் 500 ஏற்றியது. ஆறு ரேஸுக்கு 1,000 ஆகும். ஆறாவது முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி மாற்றிவிடுவேன், காற்று எவ்வளவு ஆசை காட்டினாலும்.