ஸ்க்ரீம் 5-ஆ, 6-ஆ: எதைப் பார்க்கலாம்?

முகமூடிக் கொலைகாரன் வரும் ஹாலிவுட் திகில் பட வரிசையான ஸ்க்ரீமின் ஏழாம் பாகத்தில் நாயகி சிட்னியாக நெவ் கேம்ப்பெல் திரும்புகிறார். அதற்கு முன் ஒரு படத்துக்குத்தான் நேரம் என்றால் 2022-இல் வந்த ஐந்தாம் பாகமா, 2023-இல் வந்த ஆறாம் பாகமா?

ஊர்: ஐந்து, முதல் படம் நடந்த அதே வுட்ஸ்பரோ. ஆறு, நியூயார்க்.

பழைய முகங்கள்: ஐந்தில் முதல் படத்து சிட்னி, கேல், டூயி மூவரும் உண்டு. ஆறில் சிட்னி கிடையாது. கேலோடு நான்காம் பாகத்து கிர்பி வருகிறார்.

பயம்: இதில் ஆறுதான் முன்னே நிற்கிறது. இரண்டு கட்டடங்களின் ஜன்னல்களுக்கு நடுவே ஏணியைப் படுக்கவைத்து ஒவ்வொருவராகத் தவழ்ந்து போகும் காட்சியில் மூச்சே நின்றுவிடும். அப்புறம் ஹாலோவீன் இரவு ரயில்: பெட்டி முழுக்க முகமூடிகள், விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது, கொலைகாரன் யாரென்றே தெரியாது. ஐந்தில் அந்த அளவுக்கு இருப்பது தொடக்கக் காட்சிதான். டாரா என்ற பெண் செல்போனில் கதவுகளைப் பூட்டப் பூட்ட, யாரோ திறந்துகொண்டே இருக்கிறார்கள்.

திகில் பட விதிகளைப் பற்றிப் படமே பேசுவது: இரண்டிலும் உண்டு. ஆனால் ஐந்தில் அந்தப் பேச்சுதான் கொலைக்கான காரணம்வரை போகிறது. அதனாலேயே எனக்கு அது ஒரு படி மேல்.

1996-இன் முதல் படம் பிடித்து, சிட்னிக்காக ஏழாம் பாகத்துக்குப் போகிறவர்கள் ஐந்தைப் பாருங்கள். நண்பர்களோடு உட்கார்ந்து அலற வேண்டுமா? சரி, ஆறு. ஆனால் சாம், டாரா சகோதரிகளின் கதை ஐந்தில்தான் தொடங்குகிறது. ஐந்தின் கொலைகாரர்கள் யார் என்பதும் ஆறில் வெளிப்பட்டுவிடும்.