நியூரோ ஐசியு மாற்றுப் பயிற்சி: உருப்படியானது, ஆனால் அவசரம்

இதய ஐசியுவில் நர்ஸாகப் பழகிய எனக்கு, நியூரோ ஐசியுவுக்கு (மூளை, நரம்பு நோயாளிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) மாறுவதற்கான இந்தப் பயிற்சியில் உண்மையிலேயே உதவியது படுக்கையருகே நடந்த பகுதிதான். ஈவிடி வடிகாலின் (மூளைக்குள்ளிருந்து திரவத்தை வெளியேற்றும் குழாய்) பூஜ்ஜியப் புள்ளி காதின் ட்ராகஸுக்கு (காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மடல்) நேராக இருக்க வேண்டும். தலைமாட்டை ஏற்றி இறக்கினால் மறுபடி சரிபார்க்க வேண்டும். நோயாளியை நகர்த்தும் முன் வடிகாலை மூட வேண்டும். மண்டைக்குள் அழுத்தம் 22 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் என்ன செய்வது, ஒரு கண்பாவை மட்டும் விரிந்தால் யாரைக் கூப்பிடுவது என்று சீனியர் சிஸ்டர் கூடவே நின்று காட்டினார். அருமையான ஆள்.

வகுப்பறை ஸ்லைடுகள் சுமார். பாதி வென்டிலேட்டர் பாடம், அது எங்களுக்குத் தெரியாதா?

ஆள் பற்றாக்குறை என்று சொல்லி, பயிற்சி முடியும் முன்பே தனியாக நோயாளியைக் கொடுத்ததுதான் பெரிய குறை. என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. சேருகிறவர்கள், எத்தனை ஷிஃப்ட் சீனியர் கூட இருப்பார் என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.